டிக்கி எங்கே?

அருகன் துணை

திருவண்ணாமலை,
புரட்டாசி கடைசி ஞாயிறு.

சிரஞ்சீவி அஜிதனுக்கு அம்மா எழுதுவது. நீயும் சௌம்யாவும் மெல்போர்னில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். கடிதம் என்றால் எழுத வேண்டுமே என்று சும்மா எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். அப்பா பேசிவிட்டார். ஆனி மாதம் குளியலறையில் விழுந்து, பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து வாய் திறக்காத மனிதர், போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேசிவிட்டார். முதல் வார்த்தை என் பெயராக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. உன் பெயராக இருந்தாலும் பரவாயில்லை என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். கடைசியில் அவர் சொன்னது ‘டிக்கி’. ஆமாம், காருக்குப் பின்னால் சாமான் வைப்போமே, அந்த டிக்கிதான். நீ சிரிப்பதானால் சிரித்துக்கொள். நான் அன்றைக்கு அழுதேன், இன்றைக்குச் சிரிக்கிறேன்.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரு வார்த்தையோடு நின்றுபோனால் என்ன செய்வது, உனக்கு ஆசை காட்டியது போல் ஆகிவிடுமே என்று பயம். இப்போது பயம் போய்விட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் கூடத்தில் கேட்கும். அப்பாவுக்கு வாய்தான் அடைத்துக்கொண்டதே தவிர காது பாம்புக் காது. அதோடு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் ஜாஸ்தி. போனில் என்றால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். அதனால் அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன்.

நடந்தது இதுதான். கோதண்டராமன் மாமா டிராவல்ஸ் ஆபீசை மகன் கையில் விட்டுவிட்டு முன்போலவே நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். டிராயிங் மாஸ்டர் இளவரசனும் வந்துவிடுகிறார், ரிட்டயர் ஆனபிறகு அவருக்கு நம் கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனால் அப்பா விழுந்த பிறகு இரண்டு பேரும் நோயாளி வீட்டுக் குரலில்தான் பேசினார்கள். ‘சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா’ என்று கேட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்று பேர் உட்கார்ந்தால் தெருமுனை வரை சத்தம் கேட்ட வீடு இது. ‘கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா’ என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன் தெரியுமா? 

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. வாசலுக்கு இல்லை, போனுக்கு. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி, பெயர் என் வாயில் நுழையவில்லை. புதிதாக ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் விட்டிருக்கிறார்களாம், பெரிய பணக்காரர்கள் ஓட்டுவது. அதன் படத்தைப் பார்த்ததும் மாமா நோயாளி வீட்டை மறந்துவிட்டார். ‘இது இன்னா மூஞ்சி மாஸ்டர்? கண்ணு ரெண்டும் கத்தியால கீறின மாதிரி, மூக்கும் இல்ல வாயும் இல்ல. ஆயுத பூஜைக்கு மாலய எங்க கட்டுவாங்க?’ என்று ஆரம்பித்தார். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘மூஞ்சிய விடுங்க, இந்தக் கோட்டப் பாருங்க. முன் விளக்குலேர்ந்து பின் விளக்கு வரைக்கும் கைய எடுக்காம போட்ட கோடு. நான் முப்பது வருஷம் போர்டுல போட்டுப் பாத்தேன், எனக்கு வரல’ என்றார்.

எனக்கும் காட்டினார்கள். தேய்ந்துபோன குளியல் சோப்பு போல இருந்தது. காபி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆனால் மாஸ்டரோடு எப்படிச் சண்டை போடுவது? இரண்டு வார்த்தைக்கு மேல் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். ‘நீங்க சொல்றதும் சரிதான்’ என்று இறங்கிவிடுவார். மாமாவுக்குச் சப்பென்று ஆகிவிடும். நம் பத்மினி கார் வாங்கிய நாளிலிருந்து அவருக்குச் சரிக்குச் சரி நின்றவர் அப்பா ஒருவர்தான். (அந்தக் காருக்கு யார் அப்படிப் பெயர் வைத்தார்களோ, இந்த வீட்டில் மருதேவி என்ற என் பெயரை விடப் பத்மினி என்ற பெயரைத்தான் நான் ஜாஸ்தி கேட்டிருக்கிறேன்.) அதனால் மாமா ஒரு வேலை செய்தார். தன் பங்கைப் பேசிவிட்டு, அப்பாவின் பங்கையும் தானே பேச ஆரம்பித்தார். ‘இப்ப சாந்திநாதன் இன்னா சொல்வாருன்னா’ என்று சொல்லிவிட்டு அப்பாவைப் போலவே விரலை ஆட்டிப் பேசுவார். பிறகு அதற்குத் தானே பதில் சொல்லிக் கோபித்துக்கொள்வார். நாலைந்து நாள் இந்தக் கூத்து நடந்தது. நான் கவனித்தேன், அப்பா சுவர்ப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பௌர்ணமிக் கூட்டம் வடிந்துகொண்டிருந்தது. மாமா வண்டிகளை அனுப்பி அனுப்பித் தூக்கமில்லாமல் வந்திருந்தார். அன்றைக்குப் பேச்சு காரின் பின்பக்கத்தைப் பற்றி. அந்தக் காருக்குக் கூரை சரிந்துகொண்டே போய்க் கடைசியில் தீர்ந்துவிடுகிறது. அப்பாவின் கட்சி என்ன என்று உனக்கு மனப்பாடம். ரோட்டில் நமக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான், அதனால் காருக்கு அழகு பின்பக்கம். செடான் என்றால் டிக்கி தனியாகத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அது செடானே இல்லை. இதை உனக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லி வளர்த்தவர். ஆனால் மாமா விரலை ஆட்டிக்கொண்டு, ‘சாந்திநாதனுக்கு இந்தப் பின்பக்கம் ரொம்பப் புடிச்சிருக்கும். டிக்கி தனியா நீட்டிக்கினு இருக்கக் கூடாதுன்னுதான அவரு எப்பவும் சொல்வாரு’ என்றார்.

அப்பா இடது கையால் நாற்காலிக் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன், மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று. முகமெல்லாம் சிவந்திருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ‘டி... டி...’ என்றார். மாமா எழுந்து நின்றுவிட்டார். ‘டிக்கி’ என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டு, போனிலிருந்த படத்தைக் காட்டி, ‘டிக்கி எங்க?’ என்றார்.

மாஸ்டர்தான் மெதுவாக, ‘இல்ல சார். நீங்க சொல்றது சரி. டிக்கி இல்ல’ என்றார். அவர் வாழ்க்கையிலேயே உருப்படியாக விட்டுக்கொடுத்தது அதுதான்.

அந்தக் கலவரத்தில் பொழுது சாய்ந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இருட்டிய பிறகு நாம் சாப்பிடுவதில்லையே, தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. மாத்திரைக்காக அப்பாவை மட்டும் பால் குடிக்க வைத்தேன், உடம்பு சரியில்லாதவருக்கு அதில் குற்றம் இல்லை. நான் பட்டினி. பொழுதோடு சாப்பிடுவது தவறினால் வழக்கமாக எரிந்து விழுபவள் அன்றைக்கு வயிறு நிறைந்தவள் போலப் படுத்தேன்.

வாசலில் மாமாவிடம் கேட்டேன், ‘அவர் சொல்லாததைச் சொன்னதா வேணும்னேதானே சொன்னீங்க அண்ணா?’ என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘நான் கரெக்டாத்தாம்மா சொன்னேன். அவருதான் இப்ப மாத்திப் பேசறாரு. நாளைக்கு வரேன், விட மாட்டேன்’ என்று செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் தேவிப்ரியாவிடம் மறுநாள் சொன்னேன். அவள் இத்தனை நாளும் பூனை, பசு, ஆப்பிள் என்று அட்டை அட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். விவசாய ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்தவரிடம் பசுவைக் காட்டி இது என்ன என்று கேட்டால் அவர் எப்படிப் பதில் சொல்வார்? அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ‘இனிமே கார் படமாவே கொண்டாறேன் ஆண்ட்டி’ என்று போனாள். சொன்னபடி கொண்டுவந்தாள். இப்போது தினமும் இரண்டு மூன்று வார்த்தை சேர்கிறது. பாதி திட்டுதான்.

வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. அதே கார் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் நிற்கிறது என்று மாமாவுக்குத் தகவல் வந்தது. கிரிவலத்துக்கு வந்த பெங்களூர்க்காரர்களுடையது. அப்பாவை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனோம், ஆஸ்பத்திரியைத் தவிர அவர் வெளியே போனது இதுதான் முதல் தடவை. மாமா சொன்னது சரிதான், மாலை கட்ட முன்னால் இடமே இல்லை. பக்கத்துக் கண்ணாடியில் சுற்றித் தொங்க விட்டிருந்தார்கள். அப்பா கைத்தடியை ஊன்றி நேராகப் பின்பக்கம் போய் நின்றார். கார்க்காரத் தம்பி பெருமையாக வந்து, ‘எப்படி இருக்கு சார்?’ என்று போயும் போயும் அவரைக் கேட்டான். மாமா வாயைத் திறந்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா மெதுவாக, ‘முன்னாடி பரவால்ல. பின்னாடி வேணாம்’ என்றார். எனக்கு மானம் போயிற்று. அந்தத் தம்பி நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே, ‘டிக்கி இருக்கு சார், பாருங்க’ என்று பொத்தானை அழுத்தினான். பின் கண்ணாடியோடு சேர்ந்து முதுகே மேலே எழும்பியது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, ‘இது டிக்கியா, ஜன்னலா?’ என்றார். அஜிதா, மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை நடுரோட்டில் நின்று பார்த்தேன். வாய் கோணலாகத்தான் சிரிக்கிறது. அழகாக இருக்கிறது.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்து, கோபத்தினால் இது வருமா என்று கேட்டேன். ‘வருஷக் கணக்கா பிரஷர் மாத்திரைய ஏமாத்தியிருக்காரு, அதுக்கு எதுக்கும்மா யாரோட கோபத்தயோ தேடறீங்க’ என்றார். விழுவதற்கு முந்தின ராத்திரி நீ வாங்கிய எலக்ட்ரிக் காரைப் பற்றி உங்கள் இரண்டு பேருக்கும் போனில் சண்டை. சத்தமே இல்லாத வண்டி என்ன வண்டி என்று அவர் சொன்னதும், ‘நீங்க இன்னும் அந்தப் பழைய டப்பாக்குள்ளயே உக்காந்துக்கிட்டு இருக்கீங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ‘பாத்தியா மருதேவி, பையன் என்னயே மடக்கிட்டான்’ என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாளைக்கு அவனுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் படுத்தார். இதை முன்பே சொன்னால் அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாய். இப்போது அவருக்கே வாய் வந்துவிட்டது, வேண்டுமானால் அவரையே கேட்டுக்கொள்.

அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து நீ கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அவருக்கும் தெரியும். மூன்று மணிக்கு என் போன் அடித்தால் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருப்பார். நான் வைத்த பிறகுதான் புரண்டு படுப்பார்.

தீபாவளி வருகிறது. மகாவீரர் முக்தி அடைந்த அந்த விடியற்காலையில் உங்கள் இரண்டு பேருக்காகவும் விளக்கேற்றிக் கும்பிடுவேன். நீ எனக்கு ஒன்று மட்டும் செய். நாளைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடு. அங்கே இரவாகிவிடும், ஒரு நாள் விழித்திரு. ‘எப்படி இருக்கீங்கப்பா’ என்று ஆரம்பிக்காதே. அழாதே. அந்தக் காரின் பின்பக்கம் ரொம்ப அழகு என்று சொல். அவர் பதில் சொல்ல நேரம் ஆகும், பொறுத்திரு. எவ்வளவு திட்டினாலும் விட்டுக்கொடுக்காதே. நன்றாக இரு, என் கண்ணே. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு நீண்ட காலம் இரு.

அன்பும் ஆசியும்,
அம்மா

பின்குறிப்பு: எழுதி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். யாருக்கு என்று கையால் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். கண்ணாடி போடவில்லை, அதனால் படிக்கவில்லை. பேனாவை வாங்கி இடது கையில் பிடித்துக்கொண்டார். கீழே கோணல்மாணலாக ஒரு கோடு போய் முடிவில் படி போல இறங்குகிறதே, அது பேனா கிறுக்கியது இல்லை. டிக்கி இப்படி இருக்க வேண்டுமாம். கையை எடுக்காமல் போட்டார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். போட்டுவிட்டு, ‘அஜிதனுக்கு’ என்றார்.