வாளியில் ஊறும் இரண்டு துண்டுகள்

ஏங்க, குளியலறை வாளியில் நேற்று மாலை நாலு மணியிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகள் ஊறுகின்றன. குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிதக்காமல் இருக்கத்தான் மேலே செங்கல்.

"மரத்தூளையும் பசையையும் அமுக்கி வெச்சா மரமாயிடுமா?" என்று என் ஆலைப் பலகையைக் கேலி செய்தீர்களே, அதற்குப் பதில் அங்கே இருக்கிறது. சிங்க் அலமாரிக் கதவு உப்பியது பலகையால் இல்லை. கதவின் அடியைச் சீவிய தச்சர் ஐயா, அதாவது நீங்கள், அந்த ஓரத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டதால்தான். வாளியில் ஒரு துண்டுக்கு ஓரமெல்லாம் பெயின்ட் அடித்திருக்கிறேன், இன்னொன்றுக்கு இல்லை. இன்று நாலு மணிக்கு இரண்டின் தடிமனையும் அளந்துவிட்டு மன்னிப்புக் கேட்கலாம்.

சாப்பாடு மேடையில் மூடியிருக்கிறது. மாடிச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.

பி.கு: செருப்பை மாட்டிய பிறகும் மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். பெயின்ட் அடித்த துண்டும் உப்பியிருக்கிறது. நல்ல பலகை என்று பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதே பலகையை ஏற்றிய லாரி ஆலையிலிருந்து கிளம்புவதற்குள் போய் நிறுத்த வேண்டும், வர நேரமாகும்.

அளக்க வேண்டாம். நான் வருவதற்குள் சிரித்து முடித்துவிடுங்கள்.