கப்பல் கூலி கொடுத்தவர்கள்

அண்ணே,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், புந்தோங் சாலையில் ரப்பர் தகடு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மழைக்கு ஒதுங்கி நின்றது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. செமோர் ரப்பர் தோட்டத்துச் சோதனைச்சாலையிலிருந்து நீங்கள் வந்தால், சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்வார் அம்மா. அதன் பிறகு இன்று பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மிஷன் உதவியில் சென்னைக்குப் போய் ரசாயனம் படித்துத் திரும்பியதோடு நீங்கள் அடங்கியிருக்கலாம். அடங்கினீர்களா? மேற்படிப்புக்கு இடம் கேட்டுச் சீமையில் உள்ள பேராசிரியர்களுக்கு எழுதத் தொடங்கினீர்கள். எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஈப்போவில் ஆள் ஏது? முதலில் குடும்பக் கஷ்டத்தை எழுதினீர்கள், பதிலே இல்லை. பிறகு, ரப்பர் பால் கெட்டுப்போவதைப் பற்றி நீங்கள் சோதித்துக் கண்டதை எழுதினீர்கள், பதில் வந்தது. இடம் உண்டு, பணம் இல்லை என்றார் ஒருவர். பணம் உண்டு, அது எங்கள் நாட்டாருக்கு மட்டும் என்றார் இன்னொருவர். "ஆராய்ச்சி பண்ணச் சம்பளம் குடுப்பாங்க, தங்கச்சி" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. படிக்கிறவனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?

ஒருநாள் ஒருவர் கொடுக்க முன்வந்துவிட்டார். ரப்பர் சாமான் செய்யும் முதலாளிகள் பணம் போட்டிருந்தார்களாம். மூன்று வருஷம் மாதச் சம்பளம். கப்பல் கூலியும் அவர்களுடையது. அந்தக் கடிதத்தை நீங்கள் துள்ளிக் குதித்துக்கொண்டு வாசித்தீர்கள். அப்பாவின் முகம் கறுத்துப்போனது.

"கப்பல் காச அவனே குடுக்கிறானா? எந்தக் கங்காணிடா அவன்?"

"கங்காணி இல்லப்பா, புரொபசர். இது வேற மாதிரி."

அப்பாவும் அப்படி ஒரு கப்பலில் வந்தவர்தானே. கங்காணி கட்டிய கூலி கடனாகி, அது தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாமல் கிடந்தவர். பாதியில் விட்டால் ஆள் வைத்துப் பிடிப்பார்களா, வேறு துரைக்குக் கைமாற்றுவார்களா என்று கேட்டு எழுதினால்தான் அனுப்புவேன் என்றார். நீங்களும் வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினீர்கள். உங்கள் கேள்வி விளங்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் நீங்கள் திரும்பிப் போகலாம் என்று பதில் வந்தது.

"எங்ககிட்டயும் இப்பிடித்தான் சொன்னாங்க" என்றார் அப்பா. ஆனாலும் பினாங்குத் துறைமுகம் வரை வந்தார். "அடைச்சு வச்சான்னா எழுது. நான் வாரேன்" என்று சொல்லித்தான் உங்களைக் கப்பலேற்றினார்.

மூன்று வருஷம் முடிந்தது, டாக்டர் பட்டமும் வந்தது. நாங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நீங்களோ இன்னும் ஒரு வருஷம் என்று எழுதினீர்கள். அப்புறம் இன்னும் ஒன்று. ஒவ்வொரு கடிதத்தையும் நான் வாசித்து முடித்ததும், "யாரு பிடிச்சு வச்சிருக்கா, கேளு" என்பார் அப்பா. கேட்டேன். "யாரும் இல்லை. இங்கே வேலை நன்றாக இருக்கிறது" என்று எழுதினீர்கள். அந்தக் குளிர்காலத்திலேயே நுரையீரல் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பிடித்து வைத்திருந்தால் அப்பா சண்டைக்குக் கிளம்பியிருப்பார். ஏமாற்றியிருந்தால் நான் வாயாரத் திட்டியிருப்பேன். சொன்னதெல்லாம் செய்த அந்தப் பேராசிரியர் மேல் எப்படிக் கோபப்படுவது? சந்தோஷமாக இருந்த உங்கள் மேல்தான் எப்படி? யார் மேல் வைப்பது என்று தெரியாமல் இந்தக் கோபத்தை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை நன்றாக இருக்கிறது என்று எழுதினீர்களே, எங்களைவிடவுமா, அண்ணே?