நைட் ஷிப்ட் என்று எழுதிய வரி

ஆகஸ்ட் 9, சனி

உலக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எதிர் குவார்ட்டர்ஸ் பிரவீன் முதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிவிட்டான். அவனுக்குப் பரிசு, எனக்குப் பரிகாசம்.

என் எரிமலை மேசையெல்லாம் பொங்கி வழிந்தது. அவனிடம் இருந்தது ஒரே ஒரு சார்ட். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடிய சூழல்கள்: வண்டிப் புகை, அடுத்தவர் விடும் சிகரெட் புகை, பல வருட நைட் ஷிப்ட். கண்காட்சி பார்க்க வந்திருந்த அம்மா, ஃபாக்டரி கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள், சார்ட்டின் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"நானும் வருஷக்கணக்கா நைட் ஷிப்ட் போய்க்கினுதான் இருக்கேன். போறவங்க எல்லாருக்கும் வந்துடுமா தம்பி?"

"இல்லைங்க ஆன்ட்டி. வாய்ப்பு கொஞ்சம் கூடலாம்னு சொல்றாங்க, அவ்ளோதான்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வலிக்காத கட்டின்னாகூட காட்டணுமா?"

"காட்டிடுங்க ஆன்ட்டி. தள்ளிப் போடாதீங்க."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக லீவு சொல்லிவிட்டாள். எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளை பக்கத்திலேயே நிற்கிறேன், அவனிடம் கேட்கிறாள். அம்மாவுக்கு எல்லாமே நான்தான் என்று வகுப்பில் பீற்றிக்கொள்பவன் நான்.

உண்மையில், போன வாரம் அம்மா முதலில் என்னிடம்தான் வந்தாள். "உன் போன்ல ஒண்ணு பார்த்துச் சொல்லுடா" என்றாள். "நீங்கள் தொடர்பு கொண்டவர் வேறொரு அழைப்பில் உள்ளார்" என்று போன் அக்கா குரலில் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்ன பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை.