டைமெத்திகோனும் தாய்மாமன் மீசையும்

செப். 1, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து அனல். வாவி கொதித்து, மீன்கள் அவிந்தபடியே கரைக்கு நடந்து வந்தன என்று எழுத ஆசை. நேரில் பார்க்கவில்லை.

இன்றைய வேலைகள்: பந்தலுக்குக் கம்பு. கதிரை, மேசை. வாழைக்குலை (கிரானில் சொல்லியாயிற்று). என் கராஜ் மூன்று நாள் பூட்டு என்று பலகை.

வெள்ளிக்கிழமை தங்கச்சி யோகத்தின் மகள் தர்ஷிக்குக் கலியாணம். நான் தாய்மாமன். அதாவது அந்த வீட்டின் பேரரசன். கதிரை இறக்கும் நேரத்தில் மட்டும் கூலியாள்.

தர்ஷியின் தலைமுடி பற்றி ஒரு குறிப்பு. வாவிக் காற்று பட்டால் எழுந்து நிற்கும். போன மாதம் அதற்குள் ஒரு சீப்பு தொலைந்தது. இரண்டு புறாவும் தொலைந்தன என்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை.

ஏறாவூர் மஜீதா வந்தாள். தர்ஷியோடு படித்தவள், மணப்பெண் அலங்காரம் அவள் தொழில். கையில் சிறு போத்தல். சீரமாம். இரண்டு துளி, உள்ளங்கையில் தேய்த்து, முடியில் தடவினாள். கலகக்காரர் எல்லோரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். அப்படி ஒரு பளபளப்பு. அதில் என் முகத்தைப் பார்த்துச் சவரம் செய்யலாம்.

கண்ணாடி போட்டுப் போத்தலை வாசித்தேன். டைமெத்திகோன். சிலிக்கோன் வகை. உடனே கராஜுக்குப் போய் டயர் பொலிஷ் போத்தலை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அதிலும் சிலிக்கோன்! ஒரே குடும்பம். தம்பி சில்லுக்குப் போனான், அக்கா தலைக்கு வந்தாள்.

“என்ட தலயும் உங்கட டயரும் ஒண்டா மாமா?” தர்ஷி.

மஜீதாவுக்குச் சிரிப்பு. “குடும்பம் ஒண்டுதான் அங்கிள். ஆனா இது உடம்புக்குப் பூசவெண்டு சுத்தமாச் செஞ்சது. முடிக்குள்ள போகாது. மேலால மெல்லிசா ஒரு போர்வ, அவ்வளவுதான். ஈரம் ஏறாது.”

முகக் கிறீமிலும் இதைப் போடுவார்களாம். ஷாம்பூ போட்டுக் கழுவினால் போய்விடுமாம். நம் வீட்டில் சில விருந்தாளிகளுக்கு அந்தக் குணம் இல்லை.

செப். 2, செவ்வாய்

காலை வெயில். போத்தல் யோகத்தின் அலுமாரியில். ஒரு துளி எடுத்தேன், ஆராய்ச்சிக்காக. மீசையில் தடவினேன்.

பின்னேரம் ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது மழை. ஆகாயம் பிளந்து வாவி தலைகீழாகக் கவிழ்ந்தது. உள்பனியன் வரை ஈரம். மீசை மட்டும் காய்ந்த வயல்வட்டை! துளி விழுகிறது, உருளுகிறது, கும்பிட்டுவிட்டுப் போகிறது. கண்ணாடிக்கு முன் நின்று தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன். சேம்பிலை தோற்றது.

வீட்டுக்காரி (இனி வீ.கா.) வாசலில் நின்று ஊருக்கே அறிவித்தாள்: “மனிசன் தொப்பயா நனஞ்சு வந்திரிக்கு. மீசக்கு மட்டும் குட புடிச்சிரிக்கு.”

இப்போது ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் என் மீசையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வருகிறார்கள். பெருமைதான். தும்மலும்.

செப். 4, வியாழன்

புழுக்கம். இலை அசையவில்லை.

கதிரை வந்தது. வாழைக்குலை வந்தது, ஆளை விட உயரம். தேங்காய் போதாது. பந்தல்காரர் சாப்பிட்ட சோற்றில் ஒரு கப்பல் கட்டலாம்.

வீடியோக்காரன் வந்து, பாலறுகையும் எடுக்கவேண்டும், அதுதான் இப்போது எல்லாரும் பார்ப்பது என்றான். பாலறுகு நமக்குத் தெரிந்ததுதான்: கலியாணக் காலையில் பெண்ணைப் பலகையில் இருத்தி, பாலில் தோய்த்த அறுகம்புல்லைப் பெரியவர்கள் தலையில் வைப்பது. பால் தலையில் ஊறும். பிறகு முழுக்கு. பிறகுதான் கூறை, நகை, அலங்காரம் எல்லாம்.

தர்ஷிக்குக் கவலை. முழுக்குக்கு முன்னால் என்றால் தலை அவிழ்ந்து கிடக்குமே, புறாக்கூடு வீடியோவில் வருமே. விடிய சீரம் பூசிவிடட்டுமா? யோகம் மறுத்தாள், பாலறுகுக்கு வெறுந்தலைதான் முறையாம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

தாய்மாமன் தீர்ப்பு: பூசட்டும். கொஞ்சம் கூடவே பூசட்டும்.

செப். 5, வெள்ளி

எல்லாம் முடிந்து வந்து எழுதுகிறேன். காலில் ஆயிரம் முள். வயிற்றில் ஏழு பாயாசம்.

காலை. பலகையில் தர்ஷி. முடி முதுகில் ஆறு மாதிரி. வீடியோக்காரனே வாய் பிளந்தான். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சித்தாண்டிப் பெரியம்மா வந்திருந்தா. மாப்பிள்ளையின் தாய்க்கு மூத்தவ. அவ தலையாட்டினால்தான் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரியும்.

முதல் அறுகு என்னுடையது. பாலில் தோய்த்து உச்சியில் வைத்தேன். புல் வழுக்கி மடியில் விழுந்தது. பால் முத்து முத்தாய் உருண்டு காதோரம் இறங்கிப் பலகைக்குப் போய்விட்டது. இரண்டாம் முறையும் அதே. யோகம் வைத்தாள். அதே. தலை காய்ந்து கிடந்தது.

எனக்கு விளங்கியது. என் மீசைக்குத் தெரிந்த விஷயம், மூளைக்குத் தெரியாமல் போயிற்று.

பெரியம்மா கிட்ட வந்து பார்த்தா. மெதுவாகத்தான் சொன்னா. பந்தல் முழுக்கக் கேட்டது.

“தல பால ஏற்குதில்லகா. இண்டைக்குத் தாலி ஏறப்படா.”

கைப்பையில் போனைத் தேடினா, தன் தங்கச்சிக்கு, மாப்பிள்ளையின் தாய்க்கு, சொல்ல. யோகம் இன்னொரு அறுகைப் பாலில் தோய்த்தாள். தர்ஷி நிமிரவில்லை. மூன்று வருடம் காத்திருந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த பிள்ளை.

மஜீதா சீரத்தைப் பற்றிச் சொல்லப் பார்த்தாள். பெரியம்மா காதில் ஏறவில்லை. அவ காதிலும் டைமெத்திகோன்.

தர்ஷிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் போய் இருந்தேன், பட்டு வேட்டியோடு.

“அக்கா, எனக்கும் ஒருக்கா வெய்யுங்க. மீசயில.”

பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பா. ஆனாலும் வைத்தா. விடிய நானும் பூசியிருந்தேன், வீடியோ எனக்கும்தானே. பால் மீசையில் நிற்கவில்லை. நெஞ்சில் விழுந்து வேட்டிக்கு இறங்கியது.

“எனக்குக் கலியாணம் முடிஞ்சு முப்பது வருசம். நிக்காத பால் கூடாதெண்டா இப்பவே சொல்லுங்க அக்கா, அதயும் ரத்துப் பண்ணுவம்.”

பின்னால் நின்ற வீ.கா.: “ஓம் அக்கா. அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு பந்தல் ஆடியது. பெரியம்மா சிரிக்கவில்லை. மஜீதாவிடம் கையை நீட்டினா. புறங்கையில் ஒரு துளி தடவச் சொன்னா. அதன் மேல் தானே பால் விட்டா. உருண்டது. மற்றக் கையில் விட்டா. பரவியது. திரும்ப இங்கே, திரும்ப அங்கே. கோயில் குருக்கள் கூட இவ்வளவு கவனமாய்ப் பார்த்திருக்க மாட்டார்.

போன் பைக்குள் போனது.

“புள்ளயக் கூட்டிப் போய் முழுக்காட்டுங்க,” என்றா. “நேரம் போகுது.”

தாலி ஏறியது. நேரத்துக்கு.

செப். 6, சனி

வானம் மப்பு. காற்று நல்லது. வேட்டியில் பால் மணம், பூனைகள் பின்னால் வருகின்றன.

திருப்பிக் கொடுக்க: கதிரை, சோற்றுக் கிடாரம், மேசை விரிப்பு. தொலைந்தது: என் செருப்பில் ஒன்று.

சித்தாண்டியிலிருந்து போன். பெரியம்மா. நலம் விசாரிப்பு நெடுநேரம். கடைசியில், அந்தச் சாமான் கால் வெடிப்புக்கும் போடலாமோ, மஜீதாவைக் கேட்டுச் சொல்லட்டாம். டயர் பொலிஷ் அனுப்பும் எண்ணம் ஒரு கணம் வந்தது. நல்ல மனிதன், அடக்கிக்கொண்டேன்.

நம் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். எனவே அழுகைக்கு வேலையில்லை என்று நேற்றெல்லாம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மத்தியானம் யோகத்தின் குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது தர்ஷி வந்தாள். தலை கழுவி, எண்ணெய் சீரம் ஒன்றும் இல்லாமல், புறாக்கூடு பழையபடி. கையில் கோப்பையில் கொஞ்சம் பால், இரண்டு அறுகம்புல். வீடியோ இல்லை, ஆள் இல்லை. முன்னால் குந்தினாள்.

“நேத்து உங்கட அறுகு நிக்கலயே மாமா. இப்ப வெய்யுங்க.”

வைத்தேன். நின்றது. ஊறியது. நெற்றி வரை வந்தது.

மீசை இன்னும் கழுவவில்லை. நல்லதாயிற்று. கண்ணிலிருந்து வந்தது எதுவும் அதில் நிற்கவில்லை.