பூசணி சலாம் போடவில்லை

டாக்டர் மருமகளுக்கு,

நீ கடல் தாண்டிப் போனாலும் உன் பெருமையை ஊரெல்லாம் அளந்துகொண்டிருக்கும் உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நான் உனக்கு எழுத வேண்டும் என்பதற்காக என் முட்டி வலிகூட இன்று லீவு போட்டிருக்கிறது.

போனில் நீ மழையைக் கேட்கிறாய், மாடி ஒழுகுவதைக் கேட்கிறாய், பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடக் கேட்கிறாய். பூசணியை மட்டும் கேட்பதில்லை. கால்நடை டாக்டராக நீ சாட்சி சொல்லித்தானே அந்த யானையை சர்க்கஸிலிருந்து பிடுங்கிக் காப்பகத்தில் விட்டார்கள். கை தட்டல் கேட்காவிட்டால் அது பிழைக்காது, செத்தால் பாவம் உன் தலையில்தான் என்று முதலாளி கத்தினானே, அது உன்னைத் தின்கிறது. எனக்கா தெரியாது? அதனால் நானே நேரில் போனேன். உன் அத்தையும் ஒட்டிக்கொண்டாள்.

காப்பகமா அது! பாதி உலகத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம். என்னைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து நின்றார். அவர் சாப்பிடப் போக எழுந்தார் என்று உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள், நீ காதில் வாங்காதே. நான் சுமந்துபோன வாழைத்தாரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். யானைமேல் ஏறக் கூடாதாம், தொடக் கூடாதாம், ஊட்டக் கூடாதாம். தூரத்துப் பரணில் நின்று பார்க்கலாம், அதுவும் யானைக்கு மனசு இருந்தால். அப்புறம் எதற்கு டிக்கெட் என்று கேட்டேன். யானை சாப்பிடத்தான் ஐயா என்று சிரித்தாள் பராமரிக்கிற பெண்.

வெகுநேரம் கழித்து, மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மலை நகர்ந்து வந்தது. நம்ம பூசணி! காலில் சங்கிலி இருந்த இடத்தில் தழும்பு மட்டும்தான். நான் படபடவென்று கை தட்டினேன். சோதனை செய்யத்தான் தட்டினேன். இல்லை, சந்தோஷத்தில் புத்தி கெட்டுத் தட்டினார், பிறகு முகம் வெளுத்துப்போனது என்கிறாள் உன் அத்தை.

அந்தப் பெண் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சர்க்கஸில் கை தட்டினால் சலாம், போடாவிட்டால் அங்குசம், உனக்குத் தெரியாததா? காப்பகத்துக்கு வந்த புதிதில் கதவு அடிக்கிற சத்தத்துக்கே தும்பிக்கையை நெற்றியில் வைத்து நின்றதாம்.

பூசணி நின்றது. காது விறைத்தது. முன்னங்கால் மெல்ல மேலே எழும்பியது. போச்சு, சலாம்தான் என்று நினைத்தேன். அந்தக் காலால் மண்ணைக் கிளறி, தும்பிக்கையால் ஒரு வாரு வாரி முதுகில் போட்டுக்கொண்டது! பிறகு எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி, ஒரு கூடை லத்தி போட்டுவிட்டு, காது கிழிந்த தன் சிநேகிதி யானையிடம் ஆடி ஆடிப் போய்விட்டது. என் ஆயுசில் யாரும் என்னை இவ்வளவு அழகாக மதிக்காமல் போனதில்லையம்மா!

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரின் தாய்மாமன் நான்தான் என்றேன். கூட்டமே வந்து என் கையைக் குலுக்கியது. சரி, இரண்டு பேர்.

பூசணி வந்த புதிதில் கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்குமாம். இப்போது மணல்மேட்டில் விழுந்து படுத்துக் குறட்டை விடுகிறதாம். வீட்டிலும் ஒன்று அப்படித்தான் என்று உன் அத்தை அங்கேயே என் மானத்தை வாங்கினாள்.

தாயே, நீயும் விளக்கை அணைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்து நன்றாகத் தூங்கு. நீ நூறு வருஷம் நன்றாக இருப்பாய்.

உன் வெற்றியில் பாதியைத் தனதென்று சொல்லித் திரியும்
தாய்மாமன்