கொய்யாவில் மாவுப்பூச்சி

ஏப்ரல் 9
கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாக. தொட்டால் பிசுபிசு. இதை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். பொங்கல் வரை நான் கைநாட்டு. சாயங்கால வகுப்புக்குப் போய், இன்று ஒரு பூச்சியை எழுதியே திட்டுகிறேன்!

ஏப்ரல் 11
மகன் அருள்பாண்டி மரத்தைச் சுற்றிவந்து பார்த்தான். "இது தேறாதுப்பா. அழகர் ஆத்துல எறங்கி முடியட்டும், வெட்டிப்புட்டு தகரம் போட்டுருவோம். வண்டி வெயில்ல காயுது."

புது வண்டியாம். காலமெல்லாம் அடுத்தவர் காட்டில்தான் நட்டேன். எனக்கென்று நட்டது பரவை ஊரில் இந்த வீட்டில் இந்த ஒரு மரம். வெட்டுவானாம்!

ஏப்ரல் 14
வேப்பெண்ணெய் வாங்கினேன். கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்பே பாட்டிலை நானே சத்தமாக வாசித்தேன். தண்ணீரில் கலக்கணும், கொஞ்சம் சோப்பு சேர்க்கணும். வந்ததும் அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 16
இலை கருகிவிட்டது. சோப்புத் தூளைக் கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறேன், அதுவும் உச்சி வெயிலில். கொஞ்சம்னா எம்புட்டுடா? பாட்டிலில் அளவைப் போட்டால் கை நோகுமா? பூச்சி மட்டும் சவுக்கியம்.

ஏப்ரல் 24
சாயங்காலத்தில் அளவாகக் கலந்து அடித்தால் குறைகிறது; மறுபடி வருகிறது. இன்று சும்மா உட்கார்ந்து பார்த்தேன். எறும்பு! பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீரை நக்கிக்கொண்டு அதற்குக் காவல் நிற்கிறது. குட்டிப் பூச்சியைத் தூக்கிப்போய்ப் புதுக் கிளையில் குடிவைக்கிறது.

எறும்புக்குத் தீனி போடுவது யார்? என் வீட்டுக்காரி மலையம்மாள். தினமும் மரத்தடியில் பச்சரிசி மாவில் கோலம்.

"கல்லுமாவுல போடு" என்றேன்.

"கல்லைத் திங்குமாய்யா எறும்பு? நாலு உசுரு திங்கட்டும்னுதானே போடுறது."

"என் மரத்தைத் திங்குதுடி!"

"எறும்பா திங்குது? பூச்சி திங்குது. வகுப்புக்குப் போயி இதத்தான் படிச்சியா?"

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஏப்ரல் 25
கோலம் இல்லை. பேச்சும் இல்லை. சோற்றுத் தட்டு டங்கென்று வந்தது.

அடிமரத்தில் துணி சுற்றி விளக்கெண்ணெய் தடவினேன். இனி ஏறட்டும் பார்ப்போம்.

ஏப்ரல் 29
எறும்பு ஏறியிருக்கிறது. எப்படி? பறந்தா வந்தது?

மே 1
தெரிந்துவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது. சுவரிலிருந்து மரத்துக்குத் துணி காயப்போடும் கொடி. கட்டியது நான். காய்ந்தது என் வேட்டி. சுவர் ஓட்டையிலிருந்து கிளம்பி, கொடி வழியாக, என் வேட்டிக் கரைமேல் வரிசையாகப் போகிறார்கள், திருவிழாவுக்குப் போகிற மாதிரி. தரையில் இறங்கவே இல்லை. அவள் கோலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லா ஒதறிக் கட்டுய்யா. கடிச்சா ஊரைக் கூட்டுவ."

சண்டைக்குப் பிறகு முதல் பேச்சு. கொடியை அவிழ்த்து ஜன்னல் கம்பிக்கு மாற்றினேன்.

மே 2
இன்றும் கோலம் இல்லை. நானே அரிசி மாவை எடுத்து கேட் ஓரம் குனிந்து போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கோலமா இது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு." சிரித்தாள். அழித்துவிட்டு அங்கேயே வேறு போட்டாள்.

மே 9
துளிர். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை இல்லை.

மே 14
அழகர் ஆற்றில் இறங்கி முடிந்தது. அருள்பாண்டி அரிவாளோடு வருவான் என்று காலையிலிருந்து மரத்தை விட்டு நகரவில்லை. மதியம் வண்டியோடு வந்தான். மரத்தடிக்கு உருட்டிவந்து நிறுத்தினான்.

"சீட்டு சுடுதுப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நிழல் வண்டிமேல் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். முன்சக்கரத்தில் கொஞ்சம் வெயில். அந்தப் பக்கக் கிளை இன்னும் வளரணும்.