டெல்பர்ட் மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டது

அன்பு மகள் ரோன்டாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், கிழட்டு நாயும் சுகம். அலாஸ்காக் குளிரில் நீயும் பேத்தி டெஸ்ஸாவும் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் எங்கள் கவலை. பெண்கள் ஆட்சி செய்யலாமா என்று டெஸ்ஸாவின் வகுப்பில் எவனோ கேட்டானாமே. செரோக்கிப் பழங்குடிகளான நமக்குக் குலமே தாய்வழிதான், அந்தக் காலத்தில் வீடும் விளைநிலமும் பெண்கள் கையில், போர் என்றாலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது, ஆண்கள் மட்டும் சபையில் உட்கார்ந்ததெல்லாம் இடையில் வந்தது என்று அவளுக்குச் சொல். மீதிக்கு உன் அம்மா கதையே போதும். அதில் உன் அப்பன் தலைகுனிந்த இடமும் உண்டு.

அம்மா செரோக்கி சபைக்குப் போட்டியிடுவதைப் போனில் சொன்னேனே. எதிரே நின்றவன் எட்டு வருடமாக உறுப்பினராக இருக்கும் டெல்பர்ட். தீவனக் கடையில் என் கூட்டாளிகள், "இனிமே உனக்கு வுட்ரோன்னு பேரு கிடையாதுடா, டார்லா புருஷன்தான்" என்று சீண்டினார்கள். சுருக்கென்றது. அந்த ரோஷத்தில் டெல்பர்டைக் கிழிகிழியென்று கிழித்தேன். சபையில் குறட்டை விடுகிறான், நம் சாலைக்கு ஒரு தண்ணீர்க் குழாய் போட வக்கில்லை, பன்றிக்கறி விருந்துக்கு மட்டும் முதல் ஆள் என்றெல்லாம் பேசினேன், ஊரே சிரித்தது.

பிறகுதான் தேவாலயத்துக் காட்டு வெங்காய விருந்தில், டெல்பர்டின் தாயும் பறவைக் குலம் என்று அம்மாவுக்குத் தெரியவந்தது. அம்மாவும் பறவைக் குலம். ஒரே குலமென்றால் நம் முறைப்படி அவன் அவளுக்குத் தம்பி, உனக்கு மாமா, நான் ஊர் முழுக்க ஏசியது சொந்த மைத்துனனை. அம்மா வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "என் தம்பியைத் திட்டி வர்ற ஓட்டு எனக்கு வேணாம். நீ போய் மன்னிப்புக் கேளு, இல்லேன்னா சனிக்கிழமை நம்ம தேர்தல் விருந்துல எல்லார் முன்னாடியும் போட்டியில இருந்து விலகிடுவேன்" என்றாள். ஆறு மாதமாக வீடு வீடாக நடந்து கால் வீங்கியவள், ஆனாலும் சொன்னால் செய்துவிடுவாள்.

போனேன். டெல்பர்ட் முற்றத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தான். நிமிராமலே, "அக்கா அனுப்புச்சா, நீயா வந்தியா?" என்றான். "அவதான் அனுப்பினா" என்றேன். பேசியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "குறட்டை மட்டும் நெசம் மச்சான்" என்றவன் சிரித்துவிட்டான். "உன்னையே இங்க நடக்க வச்சவ சபையை நடத்த மாட்டாளா? ஆனா என் ஓட்டு எனக்குத்தான்."

சனிக்கிழமை விருந்துக்கு அவன்தான் முதல் ஆள். அம்மா அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை, குழாயைப் பற்றி மட்டுமே பேசினாள். தேர்தலில் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள் ரோன்டா! மறுநாளே டெல்பர்ட் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அத்தனையும் நம் சாலைக் குழாய்க்காக எட்டு வருடமாக அவன் எழுதிய கடிதங்கள். வக்கில்லை என்று நான் சொன்ன ஆள். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள், காப்பி போடுவது நான்.

உன் மாமாவுக்கு ஒருமுறை போன் செய், மறக்காதே. என்னைத் திட்டுவான், கேட்டுக்கொள். உன் வழியாக டெஸ்ஸாவும் பறவைக் குலம்தான் என்பதையும் சொல்லி வை. இருவரும் நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
டார்லாவின் புருஷன்
(உன் அப்பா)